பாடப்புத்தகத்தில் இருக்கும் விதி இவருடையது, யூரியா மூட்டைக்குள் இருக்கும் வெற்றி வேறொருவருடையது: யார் இந்த லீ சாட்லியர்?

பிளஸ் ஒன் வேதியியல் படித்த யாருக்கும் லீ சாட்லியர் என்ற பெயர் எங்கோ கேட்ட மாதிரி இருக்கும். வேதிச்சமநிலை பாடத்தில் வருவார். நீட் கேள்வித்தாளிலும் அவ்வப்போது தலைகாட்டுவார். அழுத்தத்தைக் கூட்டினால் வினை எந்தப் பக்கம் போகும், வெப்பநிலையைக் குறைத்தால் எந்தப் பக்கம் போகும் என்று மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் விட்டுவிடுகிற பெயர் அது.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். தன்னுடைய விதி எங்கே போனால் பெரிய வெற்றி கிடைக்கும் என்று கைகாட்டியதோ, அந்த இடத்துக்கே அவர் போனார். சரியான அழுத்தம், ஏறத்தாழ சரியான வெப்பநிலை, சரியான உலோகம் எல்லாமே அவர் கையில் இருந்தன. ஒரே ஒரு வெடிப்பு. அதோடு நிறுத்திவிட்டார்.

அவர் விட்ட இடத்தில் கிடைத்ததுதான் செயற்கை அமோனியா. இன்றைக்கு உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் சாப்பாட்டுக்குப் பின்னால் அந்த அமோனியாவில் இருந்து வந்த உரம் இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். அந்தப் பெருமை ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபருக்குப் போனது. என்ன நடந்தது? விரிவாகப் பார்ப்போம்.

அப்பா பெயர் ஈபிள் கோபுரத்தில்

ஹென்றி லூயி லீ சாட்லியர் 1850 அக்டோபர் 8-ம் தேதி பாரிஸில் பிறந்தார். அப்பா லூயி லீ சாட்லியர் சாதாரண ஆள் இல்லை. பிரான்ஸ் அரசின் சுரங்கப் பொறியாளர். ரயில் பாதைகள், எஃகு, அலுமினியம் என்று அந்தக் காலத்துப் புதுத் தொழில்கள் பலவற்றிலும் அவர் கை இருந்தது. ஈபிள் கோபுரத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் 72 பெயர்களில் லீ சாட்லியர் என்றும் ஒரு பெயர் உண்டு. பாரிஸ் போகிறவர்கள் அது விதி கண்டுபிடித்தவர் என்று நினைத்துக்கொள்ளலாம். இல்லை, அது அப்பா.

அப்பாவோடு சேர்ந்து அலுமினியத்தில் வேலை செய்தவர் சான்த் கிளேர் தெவீல் என்ற புகழ்பெற்ற வேதியியலாளர். சூடாக்கினால் சில பொருள்கள் பாதி பிரிந்து, பாதி பிரியாமல் நின்றுவிடுவதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் அவர்தான். வினை ஏன் பாதியில் நிற்கிறது என்ற கேள்வி, சிறுவன் ஹென்றியின் வீட்டுக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம்.

அம்மா கண்டிப்பானவர். நேரம் தவறக் கூடாது, ஒழுங்கு தவறக் கூடாது. அந்த வளர்ப்பு ஹென்றியிடம் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. வேலையிலும் சரி, அரசியல் பார்வையிலும் சரி, அவர் பழமைவாதி.

1869-ல் பாரிஸின் எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். மறு வருடமே பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர். மாணவர்கள் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார்கள், அவரும் போனார். பிரான்ஸ் தோற்றது. போர் முடிந்ததும் சுரங்கக் கல்லூரியில் படிப்பைத் தொடர்ந்தார். கொஞ்ச காலம் வெளியூரில் சுரங்கப் பொறியாளர் வேலை. 1877-ல் அதே சுரங்கக் கல்லூரிக்கு வேதியியல் ஆசிரியராகத் திரும்பினார். கல்யாணம் அதற்கு முந்தைய வருடமே ஆகிவிட்டது. பிறகு ஏழு குழந்தைகள்.

சுரங்கத்தில் வெடித்த வாயு

அந்தக் காலத்து பிரான்ஸில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்குவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. நிலக்கரிப் பாறையில் இருந்து மீத்தேன் வாயு கசியும். அது காற்றோடு கலக்கும். ஒரு பொறி பட்டால் போதும். 1876-ல் சேந்த் எத்தியென் நகரில் நடந்த சுரங்க வெடிப்பில் மட்டும் 180-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். இதற்கு என்னதான் வழி என்று கண்டுபிடிக்க அரசு ஒரு ஆணையம் அமைத்தது.

அந்த ஆணையத்தின் ஆய்வு வேலை, சுரங்கக் கல்லூரியில் இருந்த பேராசிரியர் மல்லார்டிடமும் இளம் லீ சாட்லியரிடமும் வந்தது. எரியும் வாயு காற்றோடு எந்த அளவில் கலந்தால் வெடிக்கும், எந்தச் சூட்டில் பற்றும், சுடர் குழாய்க்குள் என்ன வேகத்தில் ஓடும் என்று இருவரும் வருடக்கணக்கில் அளந்தார்கள். 1883-ல் வெளியான அவர்களுடைய ஆய்வு, சுடர் பரவும் வேகத்தைப் பற்றிப் படிக்கிறவர்கள் இன்றைக்கும் தொட்டுத்தான் தாண்ட வேண்டிய ஒன்று.

இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எரியும் வாயுவோடு காற்று கலந்தால் என்ன ஆகும் என்பதில் பிரான்ஸில் இவரைவிட விவரம் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்திருப்பார்கள்.

இன்னொரு பக்கம் சிமென்ட். ஈரமான சிமென்ட் ஏன் இறுகுகிறது என்ற கேள்விக்கு 1887-ல் அவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வு பதில் சொன்னது. அதற்காக உலைகளின் சூட்டைத் துல்லியமாக அளக்க வேண்டியிருந்தது. ஆயிரம் டிகிரியைத் தாண்டினால் நம்பகமான அளவு கிடைக்காத காலம் அது. பிளாட்டினம் கம்பியையும், ரோடியம் கலந்த பிளாட்டினம் கம்பியையும் இணைத்து ஒரு தெர்மோகப்பிள் செய்தார். சூட்டை மின்சாரமாக மாற்றிக் காட்டும் கருவி. தொழிற்சாலை உலைகளில் இன்றும் அதே ஜோடிக் கம்பி பயன்பாட்டில் இருக்கிறது.

30 மீட்டர் உலை கற்றுக்கொடுத்த பாடம்

சமநிலை விதிக்குப் போகும் முன் ஒரு சின்னக் கதை. லீ சாட்லியரே இதைத் தன் கட்டுரையில் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார்.

இரும்புத் தாதுவில் இருந்து இரும்பு எடுக்க ஊது உலை வேண்டும். உள்ளே எரியும் கரியில் இருந்து கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அது தாதுவில் உள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக மாறும், இரும்பு மிஞ்சும். ஆனால், உலையின் மேல்வாயில் பார்த்தால் கார்பன் மோனாக்சைடு ஏகத்துக்கும் வெளியேறிக்கொண்டிருந்தது. வேலை செய்யாமலே தப்பித்துப் போகும் எரிபொருள். முதலாளிகளுக்குக் கண்முன்னே பணம் புகையாகப் போகிற மாதிரி இருந்தது.

இங்கிலாந்து இரும்பு முதலாளிகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வாயுவுக்கும் தாதுவுக்கும் பழகப் போதுமான நேரம் இல்லை; உலையை உயரமாகக் கட்டினால் வாயு மேலே ஏற அதிக நேரம் ஆகும், வினை முழுசாக முடியும். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? கட்டினார்கள். 30 மீட்டர் உயரம் வரை கட்டினார்கள்.

கார்பன் மோனாக்சைடு குறையவே இல்லை.

காரணம் எளிமையானது. அந்த வினை ஒருவழிப்பாதை இல்லை. கார்பன் மோனாக்சைடு இரும்பு ஆக்சைடை இரும்பாக்கும்போதே, உருவான கார்பன் டை ஆக்சைடு இரும்பைத் திரும்ப ஆக்சைடாக்கிக்கொண்டும் இருக்கும். இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டால் முடிந்தது கதை. அதற்கு மேல் நூறு மீட்டர் கட்டினாலும், நாள் முழுக்க வைத்திருந்தாலும் விகிதம் மாறாது. இந்த உண்மையை உலை முதலாளிகள் லட்சக்கணக்கான பிராங்க் செலவு செய்து தெரிந்துகொண்டார்கள். சமநிலையின் விதிகள் தெரிந்திருந்தால் காகிதத்திலேயே முடிந்திருக்கும் என்பது லீ சாட்லியரின் வாதம். கிண்டல் கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் நியாயமான கிண்டல்.

நிற்பது போலத் தெரியும், ஆனால் நிற்காது

வேதிச்சமநிலை என்றால் வினை நின்றுபோன நிலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு பேருந்தில் ஒரு வாசலில் பத்துப் பேர் ஏற, இன்னொரு வாசலில் பத்துப் பேர் இறங்கினால் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை மாறாது. வெளியே இருந்து பார்த்தால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். சமநிலையும் அப்படித்தான்.

இது லீ சாட்லியருக்கு முன்பே தெரிந்த விஷயம். நெப்போலியனோடு எகிப்து போன பெர்தொலே என்ற வேதியியலாளர், அங்கே உப்பு ஏரிகளின் கரையில் சோடியம் கார்பனேட் படிந்திருப்பதைப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் நடக்கிற வினை இங்கே தலைகீழாக நடந்திருக்கிறதே என்று அவருக்குப் பொறி தட்டியது. உப்பும் சுண்ணாம்புக்கல்லும் மலைமலையாகக் குவிந்திருந்ததால் வினை திரும்பி ஓடியிருந்தது. 1864-ல் நார்வேயின் குல்ட்பெர்க், வாகே இருவரும் பொருளின் அளவுக்கும் வினையின் வேகத்துக்கும் உள்ள கணக்கைக் கொடுத்தார்கள். 1884-ல் நெதர்லாந்தின் வான்ட் ஹாஃப், வெப்பநிலை மாறினால் சமநிலை எந்தப் பக்கம் நகரும் என்று சொல்லிவிட்டார்.

அதே 1884-ல்தான் லீ சாட்லியரின் குறிப்பு பிரெஞ்சு அறிவியல் அகாடமியின் இதழில் வந்தது. வான்ட் ஹாஃப் வெப்பநிலைக்குச் சொன்னதை அவர் அழுத்தம், செறிவு என்று எல்லாவற்றுக்கும் விரித்தார். முதல் வடிவம் நீளமான, சுற்றிவளைத்த வாக்கியம். 1888-ல் அவரே அதைச் சுருக்கி எழுதினார். இதற்கிடையே ஜெர்மனியின் கார்ல் பிரவுனும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். வானொலிக்காக மார்கோனியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே பிரவுன்தான். அதனால் சில நூல்களில் இருவர் பெயரும் சேர்ந்தே வரும்.

சரி, விதி என்ன சொல்கிறது?

சமநிலையில் இருக்கிற ஒன்றின் மேல் வெளியில் இருந்து ஒரு மாற்றத்தைத் திணித்தால், அந்த மாற்றத்தின் விளைவைக் குறைக்கிற பக்கமாக அது நகரும். அவ்வளவுதான்.

அழுத்தினால், இடம் குறைவாகப் பிடிக்கிற பக்கம் போகும். சூடாக்கினால், சூட்டை உறிஞ்சுகிற பக்கம் போகும். ஒரு பொருளைக் கூடுதலாகப் போட்டால், அந்தப் பொருளைச் செலவழிக்கிற பக்கம் போகும். ஒரு பொருளை எடுத்துக்கொண்டே இருந்தால், அதை உருவாக்குகிற பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும்.

சுண்ணாம்புக் காளவாய் நல்ல உதாரணம். சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கினால் சுட்ட சுண்ணாம்பும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். மூடிய பாத்திரத்தில் செய்தால், வாயு ஓர் அழுத்தத்தை எட்டியதும் மேற்கொண்டு கல் வேகாது. காளவாயின் மேல்பக்கம் திறந்திருப்பதால் வாயு போய்க்கொண்டே இருக்கிறது. வினையும் அதைத் துரத்திக்கொண்டே முழுசாக முடிகிறது. காளவாய்க்காரர்கள் எந்த விதியும் படிக்காமல் இதை ஆயிரக்கணக்கான வருடங்களாகச் செய்துவந்தார்கள். ஒவ்வொரு சூட்டிலும் அந்த வாயுவின் அழுத்தம் எவ்வளவு என்பதைத் தன் தெர்மோகப்பிளை வைத்து அளந்தவர் லீ சாட்லியர்.

மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இரண்டு இடங்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். சமநிலை, திணித்த மாற்றத்தைக் குறைக்கும், முழுசாக அழித்துவிடாது. இரண்டாவது, வினைவேக மாற்றி சமநிலையை எந்தப் பக்கமும் நகர்த்தாது. போய்ச்சேர வேண்டிய இடத்துக்குச் சீக்கிரம் கொண்டுபோய் விடும், அந்த இடத்தை மாற்றாது.

உலகமே தேடிய அமோனியா

1898-ல் பிரிட்டன் விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ் ஓர் எச்சரிக்கை விடுத்தார். ஐரோப்பாவின் கோதுமை வயல்கள் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் தோண்டி எடுக்கும் வெடியுப்பை நம்பித்தான் இருக்கின்றன. அது தீர்ந்துபோனால் பஞ்சம்தான். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆனால் பயிரால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும் வழியை வேதியியலாளர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார் அவர்.

நைட்ரஜன் ஒரு பங்கு, ஹைட்ரஜன் மூன்று பங்கு சேர்ந்தால் அமோனியா இரண்டு பங்கு. காகிதத்தில் ஒரே வரி. பல பெரிய தலைகள் முயன்று தோற்ற வரி.

லீ சாட்லியரின் விதியை இதன் மேல் வைத்துப் பாருங்கள். நான்கு பங்கு வாயு இரண்டு பங்காகச் சுருங்குகிறது. அப்படியானால் அழுத்த வேண்டும், நன்றாக அழுத்த வேண்டும். வினையில் சூடு வெளியேறுகிறது. அப்படியானால் குளிர்ச்சியாக வைத்தால் அமோனியா அதிகம் கிடைக்கும்.

இங்கேதான் சிக்கல். குளிர்ந்த நிலையில் வினை நகரவே நகராது. சூடாக்கினால் வேகம் வரும். ஆனால் சமநிலை அமோனியாவுக்கு எதிராகத் திரும்பிவிடும். 500 டிகிரி செல்சியஸில் சாதாரணக் காற்றழுத்தத்தில் வைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு சொச்சம்தான் அமோனியா. அதே சூட்டில் அழுத்தத்தை 200 மடங்காக்கினால் நூறில் 17, 18 பங்கு. அதே அழுத்தத்தில் 300 டிகிரிக்கு இறங்க முடிந்தால் நூறில் 60-ஐத் தாண்டும், ஆனால் அதற்காகக் காத்திருந்தால் யுகம் ஆகும். ஆக, அதிக அழுத்தம், நடுத்தரச் சூடு, கூடவே வேகத்தைக் கூட்ட ஒரு நல்ல வினைவேக மாற்றி.

இந்த மூன்றையும் சேர்த்து யோசிக்க அன்றைக்கு லீ சாட்லியரைவிடத் தகுதியான ஆள் யார்? அமெரிக்காவின் வில்லார்ட் கிப்ஸ் எழுதிய, பலருக்கும் புரியாத சமநிலைக் கோட்பாட்டை 1899-ல் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வெளியிட்டவரும் அவரே.

1901: வெடித்த கலன்

லீ சாட்லியர் இறங்கினார். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவை அழுத்தி, தடித்த எஃகுக் கலனுக்குள் செலுத்துவது. உள்ளே இரும்பு, வினைவேக மாற்றியாக. பிளாட்டினம் கம்பிச் சுருளில் மின்சாரம் விட்டுச் சூடாக்குவது. அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 200 மடங்கு. சூடு 600 டிகிரி.

இந்த எண்களைப் பின்னால் வந்தவர்களின் எண்களோடு ஒப்பிட்டால் ஆச்சரியமாக இருக்கும். 200 மடங்கு அழுத்தத்தில்தான் பிறகு தொழிற்சாலையும் ஓடியது. இரும்புதான் இன்றுவரை அதன் வினைவேக மாற்றிக்கு அடிப்படை. சூடு மட்டும் கொஞ்சம் அதிகம்.

கலன் வெடித்துச் சிதறியது. பக்கத்தில் இருந்த உதவியாளர் மயிரிழையில் உயிர் தப்பினார்.

ஏன் வெடித்தது என்று பிறகு தெரிந்தது. அமோனியா வினைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கருவிக்குள் காற்று புகுந்திருந்தது. காற்றில் இருந்த ஆக்சிஜன், ஹைட்ரஜனோடு சேர்ந்து, அந்தச் சூட்டில் வெடித்திருக்கிறது.

சுரங்கத்தில் வாயுவும் காற்றும் கலந்தால் என்ன ஆகும் என்று வருடக்கணக்கில் அளந்த அதே மனிதரின் கலனுக்குள்தான் ஹைட்ரஜனும் காற்றும் கலந்திருந்தன. எங்கே விஷயம் நன்றாகத் தெரியுமோ, அங்கேதான் அவருக்கு அடி விழுந்தது.

அதைவிடப் பெரிய கேள்வி வேறு. வெடித்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. காற்றை நீக்கினால் சரியாகிவிடும் என்பதும் தெரியும். பிறகு ஏன் மறுபடி செய்து பார்க்கவில்லை? ஒரு மனிதன் கிட்டத்தட்ட சாகப் பார்த்த பிறகு அதே கலனுக்கு முன்னால் இன்னொருவரை நிறுத்த மனம் வராமல் போவது புரிந்துகொள்ளக்கூடியதே. சிமென்ட், உலோகம், கல்லூரி வேலை என்று அவர் கையில் வேறு ஆயிரம் வேலைகளும் இருந்தன. எது எப்படியோ, அமோனியாவை அவர் கைவிட்டார்.

ஹேபர் எங்கே வென்றார்?

ஃபிரிட்ஸ் ஹேபரின் தொடக்கமும் அமோகமாக ஒன்றும் இல்லை. 1904, 1905 வாக்கில் அவர் ஆயிரம் டிகிரி சூட்டில் சாதாரண அழுத்தத்தில் அளந்தபோது கிடைத்த அமோனியா வெறும் சுவடு. இது தொழிலுக்கு ஆகாது என்று அவரும் ஒதுக்கிவிட்டார்.

அவரை உசுப்பிவிட்டது ஒரு சண்டை. வால்தர் நெர்ன்ஸ்ட் என்ற பெரிய விஞ்ஞானி, ஹேபரின் எண்கள் தப்பு என்று 1907-ல் ஒரு மாநாட்டிலேயே போட்டு உடைத்தார். அவமானம். ஹேபர் திரும்பி வந்து, ராபர்ட் லு ரோசிக்னோல் என்ற கைதேர்ந்த இளைஞரோடு உயர் அழுத்தத்தில் எல்லாவற்றையும் மறுபடி அளக்க ஆரம்பித்தார். 1909 ஜூலை 2-ம் தேதி, பிஏஎஸ்எஃப் நிறுவன ஆட்களின் கண்முன்னே கருவியில் இருந்து திரவ அமோனியா சொட்டியது.

இதில் லீ சாட்லியரின் விதி எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் சுவாரசியம். அழுத்தம் கூட்டியாச்சு. சூட்டை முடிந்தவரை குறைச்சாச்சு. வேகத்துக்கு ஆஸ்மியம் என்ற அரிய உலோகம். மிச்சம் இருந்தது செறிவு. ஒருமுறை கலனுக்குள் போய் வரும் வாயுவில் கொஞ்சம்தான் அமோனியாவாகும். ஹேபர் அதைக் குளிரவைத்துப் பிரித்தெடுத்துவிட்டு, மீதி வாயுவைத் திரும்பவும் கலனுக்குள் அனுப்பினார். மறுபடி எடுப்பது, மறுபடி அனுப்புவது. உருவாகும் பொருளை எடுத்துக்கொண்டே இருந்தால் சமநிலை அதைத் துரத்திக்கொண்டே இருக்கும். காளவாயின் திறந்த வாய் செய்த வேலையை இங்கே ஒரு பம்பும் குளிர்சாதனமும் செய்தன.

அடுத்து வந்தவர் பிஏஎஸ்எஃப் பொறியாளர் கார்ல் பாஷ். அவருக்கும் கலன்கள் வெடித்தன! சுமார் 80 மணி நேரம் ஓடியதும் எஃகுக் குழாய்கள் பிளந்தன. சூடான ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதில் உள்ள கார்பனைத் தின்றுவிடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். உள்ளே மென்மையான இரும்பால் ஒரு குழாய், வெளியே அழுத்தத்தைத் தாங்க எஃகு, கசியும் ஹைட்ரஜன் வெளியேற அந்த எஃகில் சின்னச் சின்னத் துளைகள் என்று வழி பிறந்தது. சக வேதியியலாளர் மிட்டாஷ், விலை உயர்ந்த ஆஸ்மியத்துக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்துக் கடைசியில் இரும்பிலேயே வந்து நின்றார். 1913 செப்டம்பரில் ஜெர்மனியின் ஒப்பாவ் ஊரில் ஆலை ஓடத் தொடங்கியது.

நியாயமாகச் சொன்னால், இதை இரண்டு மனிதர்களின் மனத்திடத்துக்கு நடந்த போட்டியாக மட்டும் பார்க்கக் கூடாது. பாஷுக்குப் பின்னால் ஒரு பெரிய நிறுவனத்தின் பணமும் பட்டறையும் ஆட்களும் இருந்தன. குழாய் பிளந்தால் புதுக் குழாய் வரும். லீ சாட்லியர் ஒரு பேராசிரியர். ஆனாலும், வெடிப்பின் காரணம் கையில் இருந்தும் இன்னொரு முறை முயலாததற்கு இது மட்டுமே முழுப் பதில் ஆகாது.

அடுத்த வருடமே முதல் உலகப் போர். சிலியில் இருந்து வெடியுப்பு வரும் கடல் வழியை பிரிட்டன் கடற்படை அடைத்தது. உரத்துக்காகக் கண்டுபிடித்த அமோனியா, நைட்ரிக் அமிலமாகி வெடிமருந்தாக மாறியது. அது இல்லாமல் ஜெர்மனியால் நான்கு வருடம் போரிட்டிருக்க முடியாது என்பது பரவலான கருத்து. பிரான்ஸுக்கு எதிராக வெடித்த குண்டுகளில், ஒரு பிரெஞ்சுக்காரர் எட்டிப் பிடிக்கத் தவறிய அமோனியா இருந்தது. ஹேபரோ விஷவாயுப் போருக்கும் தலைமை தாங்கினார். 1918-க்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது எதிர்ப்பு எழுந்ததற்கு அதுதான் காரணம். பாஷுக்கு 1931-ல் நோபல். லீ சாட்லியருக்கு அது கிடைக்கவே இல்லை.

மீதி வாழ்க்கை

அதற்காக அவர் ஓரங்கட்டப்பட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். அசிட்டிலினை ஆக்சிஜனோடு எரித்தால் 3,000 டிகிரிக்கு மேல் சுடர் கிடைக்கும் என்று 1895-ல் கண்டறிந்தவர் அவர். கேஸ் வெல்டிங் பட்டறைகளின் ஆரம்பம் அங்கே இருக்கிறது. 1904-ல் உலோகவியலுக்கென்று ஓர் இதழைத் தொடங்கினார். தொழிற்சாலை வேலையை நிமிடக் கணக்கில் அளந்து ஒழுங்குபடுத்தும் அமெரிக்கர் டெய்லரின் முறையை பிரான்ஸுக்கு அறிமுகம் செய்தவர்களில் முக்கியமானவர். தொழிலாளர்களுக்கு அந்த முறை பிடித்ததா என்பது வேறு கதை.

பிரெஞ்சு அறிவியல் அகாடமி மட்டும் அவரைக் காக்கவைத்தது. நான்கு முறை முயன்று தோற்று, 1907-ல்தான் உள்ளே போனார். அதே வருடம் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி. 1916-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் டேவி பதக்கம்.

போருக்குப் பிறகு நடந்தது இன்னும் கசப்பானது. தோற்ற ஜெர்மனியின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு அமோனியா தொழில்நுட்பத்தை பிரான்ஸ் வாங்கியது. அதைப் பயன்படுத்த 1924-ல் துலூஸ் நகரில் அரசு உர நிறுவனம் அமைக்கப்பட்டது. இன்னொரு பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் குளோத், அழுத்தத்தை ஆயிரம் மடங்கு வரை ஏற்றித் தனி வழி கண்டார். லீ சாட்லியரின் விதியை யாரும் அதற்கு முன்பு அவ்வளவு தூரம் தள்ளிப் பார்த்ததில்லை.

இவை எல்லாவற்றையும் அவர் உயிரோடு இருந்து பார்த்தார். வாழ்நாளின் பிற்பகுதியில் அந்த முயற்சியைப் பற்றி எழுதினார். அமோனியா தன் கையில் இருந்து நழுவியதையே தன் அறிவியல் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறாகப் பதிவுசெய்தார். 1936 செப்டம்பர் 17-ம் தேதி, தென்கிழக்கு பிரான்ஸின் மிரிபெல் லெ எஷெல் என்ற சிற்றூரில், 85 வயதில் இறந்தார். ஒப்பாவ் ஆலை ஓட ஆரம்பித்து அப்போது 23 வருடங்கள் ஆகியிருந்தன.